நீலகிரிக்குப் போன தோள்கள்

ஆவடியில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் அவ்வளவு அவசியமில்லை. ரயில்களே மணி சொல்லிவிடும். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காற்றுக்காக வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிற வேளைக்கு, சென்ட்ரலில் கிளம்பிய ஒரு வண்டி மேற்கே பார்த்து விரையும். அதன் பெயர் நீலகிரி எக்ஸ்பிரஸ். விடியற்காலையில் அது மேட்டுப்பாளையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் மலைக்குப் போகச் சின்ன ரயில் காத்திருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டில் உதகைக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. மகனுக்குத் தன் காரிலேயே போகவேண்டும் என்று ஆசை. மருமகள் கோயம்புத்தூர் வரைக்கும் விமானம் என்றாள். பேரனோ பல்சக்கர ரயில் இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று சாப்பிட மறுத்துவிட்டான். பாட்டியம்மாள் மட்டும், "எதில் குளியலறை இருக்கிறதோ அதில் போகலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பத் தலைவர் என் பக்கம் திரும்பி, "ஏன் சார், நீங்கள்தான் பழைய காலத்தையெல்லாம் எழுதுகிறீர்களே. காரும் ரயிலும் இல்லாத நாளில் ஊட்டிக்கு எப்படிப் போனார்கள்?" என்று கேட்டார்.

நாவலாசிரியனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வராது, புத்தகம்தான் வரும். அன்றைக்கு "பல்லக்கில் போனார்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பிறகுதான் மூன்று மாத காலம் பழைய ஏடுகளைப் புரட்டினேன். அவற்றில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு நீலகிரி ஓர் இரவுப் பிரயாணம். சொந்த நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு மலை. ஆனால், அதைக் கோடைவாசஸ்தலமாக ஆக்கியவர்களுக்கு அது அந்நிய தேசத்தின் ஒதுக்குப்புறத்திலே இருந்த ஒரு பட்டிக்காடு. கடலில் மாதக்கணக்காக மிதந்து வந்து மதராஸில் இறங்கியவர்கள், அங்கிருந்து மேலும் நூற்றுக்கணக்கான மைல் உள்ளே போய்த்தான் அந்தக் குளிர்ச்சியை அடைய வேண்டும். அதற்கு அவர்கள் பட்ட பாடும், அதைவிட அதிகமாக மற்றவர்களைப் படுத்திய பாடும்தான் இந்தச் சரித்திரம்.

கும்பினி காலத்தில் மதராஸ் வெயிலும் ஜுரமும் வயிற்றுக்கடுப்பும் வெள்ளைக்காரர்களை வாரிக்கொண்டு போயின. உடம்பு தேறவேண்டுமென்றால் டாக்டர் கப்பலேறச் சொல்வார். நன்னம்பிக்கை முனைக்கோ மொரீஷியஸ் தீவுக்கோ போய் ஓர் ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பவேண்டும். போகவும் வரவும் பணம், இருக்கவும் பணம். போன உத்தியோகஸ்தரின் வேலையை மற்றொருவர் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு குளிர்ந்த பூமி இருக்கிறது என்ற செய்தி இவர்கள் காதில் விழுந்தபோது, சஞ்சீவி மலையே கிடைத்துவிட்டது போல அவர்கள் துள்ளிக் குதித்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் செய்தி காதில் விழுந்ததற்கு முன்னாலேயே ஐரோப்பியன் ஒருவன் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறான். 1603-இல், பெனீசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் காடு கடந்து மேலே போனார். மலையில் இருப்பவர்கள் பண்டைக் காலத்துக் கிறிஸ்தவர்களாக இருப்பார்களோ என்று ஒரு சந்தேகம். அங்கே தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும் கண்டார். பெண்களுக்குக் கண்ணாடிகளைப் பரிசாகக் கொடுத்தார். வந்த வழியே திரும்பிவிட்டார். பிறகு இருநூறு ஆண்டுகள் மலை தன் பாட்டுக்கு இருந்தது.

1812-இல் கீஸ் என்ற சர்வேயர் மலையேறிப் படம் போட்டார். 1818-இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் இருவர், விஷ் என்பவரும் கிண்டர்ஸ்லி என்பவரும், மேலே போய் வந்தார்கள். அவர்கள் புகையிலைக் கள்ளக்கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதையுண்டு. கதை நன்றாயிருக்கிறது, அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல மாட்டேன். 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே ஏறினார். கோடை முழுதும் கொதிக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு மேலே உறைபனி படிந்த புல்வெளியைப் பார்த்த மனிதர், பிறகு கீழே இறங்க மனமில்லாதவராகவே இருந்தார். கோத்தகிரிப் பக்கம் முதலில் வீடு கட்டினார். பிறகு தோடர்களின் மந்து ஒன்று இருந்த இடத்தில், இன்றைய உதகமண்டலத்தில், கல்வீடு எழுப்பினார். ஏரி வெட்டினார். 1826-இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோவே வந்து பார்த்துவிட்டுப் போனார். கவர்னர் போனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

போகவேண்டும், ஆனால் எப்படிப் போவது?

மதராஸிலிருந்து மேற்கே போன ராஜபாட்டை பூந்தமல்லி வழியாகப் போயிற்று. இன்று பஸ்ஸும் லாரியும் மெட்ரோ வேலையும் சேர்ந்து மூச்சு முட்டுகிற அந்தப் பூந்தமல்லியில் அப்போது வெள்ளைச் சிப்பாய்களின் முகாம் இருந்தது. அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஆர்க்காடு, பிறகு கணவாயேறிப் பெங்களூர், மைசூர், அதற்கப்புறம் மலை. ஏறக்குறைய நானூறு மைல். குதிரைவண்டி நெடுகப் போகிற மாதிரி பாதையும் இல்லை; பாலங்களும் இல்லை. ஆகவே பல்லக்கு.

பல்லக்கு என்றதும் நமக்குச் சுவாமி புறப்பாடு நினைவுக்கு வரும். துரைமாருடைய பிரயாணப் பல்லக்கு அப்படி அலங்காரமாக இராது. ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் தள்ளுகதவு, உள்ளே மெத்தை, தலைமாட்டில் புஸ்தகம் வைக்கவும் குடிதண்ணீர் வைக்கவும் ஒரு சின்னத் தட்டு. முன்னும் பின்னும் ஒவ்வொரு கொம்பு. ஒரு பல்லக்குக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு போயிகள். ஆறு பேர் தூக்குவார்கள். ஆறு பேர் கூடவே ஓடுவார்கள். சிறிது தூரம் போனதும் ஓட்டத்தை நிறுத்தாமலே தோள் மாற்றிக்கொள்வார்கள். பெட்டிகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வேறு ஆட்கள் வருவார்கள். இரவில்தான் பிரயாணம், பகல் வெயில் துரைக்கு ஆகாது. அதனால் எண்ணெய்ச் சுரையோடு தீவட்டி பிடிக்கிறவன் ஒருவன் முன்னால் ஓடுவான். மணிக்கு நாலு மைல் போனால் நல்ல வேகம். போயிகள் ராகம் இழுத்துக்கொண்டே போவார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு அது தாலாட்டு. வெளியே தூக்குகிறவர்களுக்கு அது மூச்சை அளந்து விடுகிற கணக்கு. அடி தப்பாமல் இருக்க அந்தப் பாட்டு வேண்டும்.

நெடுந்தூரம் போகிறவர் முன்கூட்டியே தபால் அதிகாரிக்கு எழுதிப் பணம் கட்டவேண்டும். அவர் வழி நெடுக ஆட்களை ஏற்பாடு செய்து வைப்பார். சுமார் பத்து மைலுக்கு ஒரு தடவை புது ஆட்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நானூறு மைலுக்கு நாற்பது மாற்று; மாற்றுக்குப் பன்னிரண்டு பேர். ஒரு மனிதர் காற்று வாங்கப் போவதற்கு நானூற்று எண்பது பேர்! இதில் காவடிக்காரர்களையும் தீவட்டிக்காரனையும் நான் சேர்க்கவில்லை. மனைவி கூட வந்தால் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

இவர்களுக்குக் கூலி உண்டு. ஆனால் எல்லாரும் கூலிக்கு ஆசைப்பட்டே வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய உத்தியோகஸ்தரோ பட்டாளமோ வழியில் வருகிறதென்றால் ஆள், வண்டி, மாடு, வைக்கோல், கோழி, முட்டை எல்லாம் பிடித்துக் கொடுக்கவேண்டியது கிராமத்தின் கடமை. தாசில் சேவகன் வந்து நிற்பான். நாற்று நடவா, கல்யாணமா என்று அவன் கேட்பதில்லை. தமிழில் இதற்கு அமிஞ்சி என்று ஒரு வார்த்தை இருந்தது. நல்ல வேளையாக, நம்முடைய குழந்தைகளுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

இந்த வழியாகப் போனவர்களில் எல்லாரிலும் பெயர் பெற்றவர் மெக்காலே. 1834 ஜூன் 10-ஆம் தேதி அவர் மதராஸில் கப்பலை விட்டு இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடம்பு சுகமில்லாமல் நீலகிரியில் இருந்தார்; உடனே புறப்பட்டு வரவேண்டும் என்று செய்தி காத்திருந்தது. கல்கத்தாவுக்குப் போகவேண்டிய சட்ட மெம்பர் பல்லக்கில் ஏறினார். ஆர்க்காட்டில் கிளைவ் போர் செய்த இடத்தைப் பார்த்தார். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் எல்லாம் பார்த்துக்கொண்டு, கூடலூர்ப் பக்கமாக மலையேறி, அந்த மாத முடிவுக்குள் உதகை சேர்ந்தார். நானூறு மைலும் மனிதர் தோள்மீதே வந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். உள்ளே படித்துக்கொண்டே வந்தவர். உதகையில் அவரை எதிர்கொண்டது மழை. ஜன்னலுக்கு வெளியே மழையும் உள்ளே கணப்புமாக மாதக்கணக்கில் இருந்தார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் நம் கல்வியைப் பற்றிய அந்தப் பிரசித்தமான குறிப்பை எழுதினார். நம் தேசத்துப் படிப்பெல்லாம் எவ்வளவு பெறும் என்று எடை போட்ட குறிப்பு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பல்லக்குப் பிரயாணம்தான் கண்முன் நிற்கிறது. எட்டு மாதங்களுக்கு முன்னால், பன்னிரண்டு பேர் இரவெல்லாம் அவர் காதருகிலேயே பாடிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று கதவைத் தள்ளிக் கேட்டிருந்தால், ஒருவேளை எடைக்கல்லே வேறாக இருந்திருக்கும். இது நாவலாசிரியனின் ஆசை; சரித்திரம் இதற்குப் பொறுப்பல்ல.

எல்லாரும் மதராஸ் வழியாகவே வரவில்லை. பம்பாய்க்காரர்கள் கடல் வழியாக வந்தார்கள். 1847-இல் ரிச்சர்டு பர்ட்டன் என்ற பட்டாளத்து லெப்டினன்ட், கண்நோய்க்காக இரண்டு வருஷ லீவு பெற்று, பாய்மரப் படகில் கோவாவுக்கும், அங்கிருந்து கள்ளிக்கோட்டைக்கும் வந்து, மலை ஏறினார். பின்னாளில் மாறுவேஷம் பூண்டு மெக்காவுக்குப் போய் வந்த அதே பர்ட்டன்தான். பிரயாணத்தை ரசித்த மனிதருக்குப் போய்ச் சேர்ந்த இடம் பிடிக்கவில்லை. உதகையில் பொழுது போகவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, 1851-இல் ஒரு புஸ்தகமே வெளியிட்டுவிட்டார். கோடைவாசஸ்தலத்துக்குப் போய் நாலாம் நாள் ஊர்நினைவு வந்துவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டே.

நானூறு மைலும் கடந்து மலையடிவாரத்துக்கு வந்தால், அங்கேதான் யமன் உட்கார்ந்திருந்தான். அடிவாரக் காட்டில் ஒரு ராத்திரி தூங்கினால் ஜுரம் நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். இலை அழுகிக் கிளம்பும் கெட்ட காற்றே காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதனால் பொழுது விடிந்தபின் காட்டுக்குள் புகுந்து, பொழுது சாய்வதற்குள் மேலே போய்விட வேண்டும் என்பது விதி. காரணம் தப்பு, விதி மட்டும் சரி. 1897-இல் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் லீவில் உதகைக்கு வந்தவர், ஓய்வெடுக்காமல் சீகூர்க் கணவாய்ப் பக்கம் மலேரியாவைத் தேடிக்கொண்டு போனார். தேடியது அவருக்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுக்குள்ளே அந்த நோயின் கிருமியைக் கண்டார். கொசு கடிப்பது இரவில். துரைமார் அடிவாரத்தைத் தாண்டியது பகலில். அவர்கள் பிழைத்த ரகசியம் அதுதான். அங்கேயே குடிசை போட்டுக்கொண்டு பாதை வெட்டினவர்களுக்கும், பொதிமாடு ஓட்டினவர்களுக்கும், வண்டிக்காரர்களுக்கும் இந்த விதியைக் கடைப்பிடிக்க வழி ஏது?

மலைப்பாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1821-இல் தொடங்கி 1823-இல் முடிந்த முதல் பாதை, சிறுமுகைப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்குப் போயிற்று. லஷிங்டன் கவர்னராயிருந்த காலத்தில், 1832 வாக்கில், பயனீர் பட்டாளத்தார் குன்னூர்க் கணவாயைத் திறந்தார்கள். இந்தப் பாதைகளில் ஆண்கள் மட்டக்குதிரை ஏறிப் போவார்கள். சீமாட்டிகளுக்குத் தொஞ்சான் என்று ஒரு தூக்குநாற்காலி. சாமான்களைப் படகர்களும் மற்றவர்களும் தலையிலும் முதுகிலும் சுமந்தார்கள். சாமான் என்றால் படுக்கையும் பெட்டியும் மட்டுமா? 1829-இல் உதகையில் ஸ்டீபன் கோவில் கட்டத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவரப்பட்டன. வெள்ளையரை எதிர்த்து மாண்டவனின் வீட்டுக் கூரை, வெள்ளையர் முழந்தாளிட்டுத் தொழுகிற இடத்துக்குக் கூரையாயிற்று. மலைப்பாதை எதையெல்லாம் மேலே கொண்டுபோயிருக்கிறது, பாருங்கள்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வயல்களுக்கு நடுவேதான் அது போயிற்று. ஆவடி என்ற பெயரே டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து வைத்தது என்று எங்கள் ஊர்ப் பையன்கள் சத்தியம் செய்வார்கள். தொழிற்சாலை வந்தது 1961-இல்; ஆவடி காங்கிரஸ் நடந்தது 1955-இல். பிள்ளைக்கு முன்னே பெயர் பிறந்திருக்கிறது என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அறுபத்தைந்து மைல். பல்லக்கில் இரண்டு இரவு ஆகிற தூரம், சில மணி நேரமாகச் சுருங்கிற்று. பூந்தமல்லி ராஜபாட்டையில் தீவட்டிகள் குறையத் தொடங்கின. ரயில் முடிகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து ட்ரான்ஸிட் என்ற மாட்டுவண்டியைப் பிடிக்க வேண்டும். மேலே கூண்டு, கீழே படுக்கை. சில மைலுக்கு ஒரு தடவை மாடு மாற்றுவார்கள். மனிதர் தோளிலிருந்து மாட்டின் கழுத்துக்குப் பாரம் இறங்கிற்று என்று சொல்லலாம். ரயில் மேற்கே நகர நகர, வண்டிப் பிரயாணம் குறைந்துகொண்டே வந்தது. 1862-இல் மேலைக்கடற்கரை வரைக்கும் பாதை சேர்ந்துவிட்டது. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டார்கள். அதே 1873-இல்தான் சென்ட்ரல் ஸ்டேஷனும் திறக்கப்பட்டது. ஒரு சீமைக்காரர் மதராஸில் ஏறி ஆவடியைக் கடந்து, மலையடிவாரத்தில் இறங்குகிற காலம் வந்துவிட்டது.

அங்கிருந்து டோங்கா. 1870-களில் குன்னூருக்குச் சக்கரவண்டி போகிற மாதிரி புதுக் கணவாய்ப் பாதை அமைந்தது. இரண்டு சக்கரம், இரண்டு மட்டக்குதிரை, முன்னும் பின்னுமாக முதுகு சாய்த்து உட்கார இடம். நாலைந்து மைலுக்கு ஒரு லாயம். குதிரையை மாற்றிக்கொண்டு தூக்கி எறிகிற வேகத்தில் ஓட்டுவார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டவர்கள் பலர்.

வழி சுலபமானதும் சர்க்காரே மலையேறிவிட்டது. 1870 முதல் உதகை மதராஸ் சர்க்காரின் கோடைத் தலைநகரம். கவர்னரும் மெம்பர்களும் குமாஸ்தாக்களும் தஸ்தாவேஜுகளும் ஆண்டுதோறும் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். கீழே இருப்பவர்களின் மனு மேலே போய்த் திரும்பவேண்டும்.

1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இரண்டு வருஷ காலம் ராஜதானி முழுதும் ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். ஆவடி வழியாகப் போன இதே தண்டவாளத்தில்தான் மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய தானியம் உள்ஜில்லாக்களுக்குப் போயிற்று. அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877-இல், கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு உதகையில் புதிய கவர்னர் மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார். நியாயமாகச் சொல்லவேண்டுமானால், பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்கக் கடலோரக் கால்வாயை இணைத்து வெட்டியதும் அவர் காலத்தில்தான். அதற்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே ரயில் பாதையில் ஒரு வண்டி பஞ்சத் தானியத்தோடும், மற்றொரு வண்டி கோடைக்குப் போகிறவர்களோடும் ஓடியபோது, இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்ற ஆவடிக் குடியானவன் என்ன நினைத்திருப்பான் என்றுதான் யோசிக்கிறேன்.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ரயிலையே மலைமேல் ஏற்றுவது. 1854-இலேயே அந்த யோசனை பிறந்தது. 1882-இல் ரிகென்பாக் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் வந்து பார்த்தார். 1885-இல் கம்பெனி தொடங்கி, 1891-இல் முதல் மண்ணை வெட்டி, 1894-இல் திவாலாகி, மறுபடி கம்பெனி பிறந்து, 1899 ஜூன் 15-இல் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடிற்று. 1908-இல் உதகையை எட்டிப் பிடித்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஆகையால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டு, கொடி காட்டிக்கொண்டு, கையாலேயே பிரேக்கைப் பிடிப்பார். பழைய பல்லக்கின் பக்கத்திலே ஓடிய ஆட்களின் கடைசி வாரிசு அவர்தானோ என்று எனக்குத் தோன்றும். 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனம் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ரயில் ஒரு காரியத்தைச் செய்தது. அதைப் போட்டவர்கள் அதை எதிர்பார்த்தார்களோ என்னவோ. அதில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள். எந்த ஜாதியாரும் காசு கொடுத்தால் அந்தப் பலகையில் உட்காரலாம். தோள்கொடுத்துத் தூக்கியவனின் பேரன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து போனான். நெருக்கடிதான்; கரிப்புகைதான்; ஆனாலும் உட்கார்ந்து போனான். கோடை விடுமுறைக்கு மலைக்குப் போவது என்ற பழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்ததும் இந்தப் பலகை வழியாகத்தான். முதலில் வக்கீல்களும் டாக்டர்களும் போனார்கள். பிறகு குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் கட்டுச்சாதத்தோடு போனார்கள். புதுமணத் தம்பதிகள் போனார்கள்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது. தேபர் தலைவர், நேருஜி வந்திருந்தார். கூட்டம் நடந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பது என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. தீர்மானம் என்ன ஆயிற்று என்று விவாதிக்க இது இடமல்ல. பூந்தமல்லிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற இந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒருவன் தோளில் மற்றொருவன் ஏறிப் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்களே, அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று எல்லாரும் போகிறோம். போகிறவர்கள் மிகுந்து, 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வாங்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் ஒரு மனிதர் போக நானூற்று எண்பது பேர் வேண்டியிருந்தது. இப்போது நாலு பேர் போக ஒரு கார். மனிதர் தோள் தப்பிற்று. பாரம் முழுவதும் மலையின் தோளுக்கு வந்திருக்கிறது. அதற்கு மாற்று ஆள் இல்லை.

எதிர்வீட்டுத் தகராறில் கடைசியில் பேரன்தான் ஜெயித்தான். நீலகிரி எக்ஸ்பிரஸில் போய்ப் பல்சக்கர ரயிலில் ஏறினார்கள். திரும்பி வந்த மறுநாள், வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் எடுத்துக்கொண்டு பெரியவரும் பாட்டியம்மாளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சேகரித்த சங்கதிகளையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். மெக்காலே, பர்ட்டன், சல்லிவன், ராஸ் என்று பெயர்களை அடுக்கினேன். நானூற்று எண்பது என்ற கணக்கையும் சொன்னேன். பெரியவர் "அடேயப்பா!" என்றார்.

பாட்டியம்மாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். மலையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஜலதோஷம் இன்னும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் சரிதான், தம்பி. கீழே இருந்து தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்தப் பக்கத்து வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். இடுப்பில் ஒரு துண்டுதான் இருந்திருக்கும். துரையை வீட்டுக்குள் இறக்கிவிட்டு, அன்றைக்கு ராத்திரி அந்தக் குளிரில் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்?"

மூன்று மாதம் புத்தகம் புரட்டிய எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வெளியே மேற்கே பார்த்து வண்டி போகிற சத்தம் கேட்டது. பெட்டிகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாக ஆவடியைத் தாண்டிப் போயிற்று.